இத்தாலிக் காலண்டரின் டிசம்பர் தாள்

எங்கள் வீட்டில் யார் எந்தக் கிழமை பிறந்தார்கள், தோட்டத்துக் கிணறு எப்போது வெட்டியது, முதல் லேத் மெஷின் எந்த மாதம் வந்து இறங்கியது என்று எது தெரியவேண்டுமானாலும் என்னைத்தான் கேட்பார்கள். "அண்ணிகிட்டக் கேளுங்க, தப்பாது" என்பார் என் கொழுந்தனார். கோயம்புத்தூரில் எங்கள் கணபதிப் பகுதியில் எந்த மில் எப்போது கதவடைத்தது, எந்தத் தெருவுக்கு எப்போது சாக்கடை கட்டினார்கள் என்பதை எல்லாம் விசாரித்து, ஒத்துப்பார்த்து, ஒரு சிறிய உள்ளூர் இதழில் எழுதிவருகிறேன். அப்படிப்பட்டவள் இந்தக் கட்டுரையில் வருஷங்களைப் போடப்போவதில்லை. வருஷம் போட்டால் ஆள் தெரிந்துவிடும். மாதமும் கிழமையும் போதும். பெயர்களும் வேண்டாம்.

படம் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு தை மாதக் கடைசியில். என் கணவர் அப்போது ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தார். மில்லுக்கு இத்தாலியிலிருந்து புது மெஷின்கள் வந்தன. அவற்றைப் பூட்டி ஓட்டிக் காட்ட வந்த இத்தாலிக்காரர் ஒருவர் சில மாதம் இங்கே தங்கியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தார் என் கணவர். அரிசிம்பருப்புச் சாதத்தை அவர் மறுபடியும் மறுபடியும் கேட்டு வாங்கியதில் என் மாமியாருக்குப் பரம திருப்தி. ஊருக்குப் போன பிறகு அந்த மனிதர் நன்றி மறக்காமல் தங்கள் கம்பெனிக் காலண்டரை அனுப்பினார். அது தபாலில் அலைந்து, பொங்கலெல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தது. மாதத்துக்கு ஒன்றாகப் பழைய இத்தாலி ஓவியங்கள். மற்ற தாள்களை மாதம் முடிய முடியக் கிழித்தோம். டிசம்பர் தாளை மட்டும் நான் கிழிக்க விடவில்லை.

இளம் தாய் ஒருத்தி. இடுப்புக்கு மேல்தான் தெரிகிறாள். அவளுக்கு முன்னால் பளிங்கில் ஒரு கைப்பிடிச் சுவர். அதன் மேல் குழந்தை நிற்கிறது. உடம்பில் பொட்டுத் துணி இல்லை. சுவரின் ஓரத்தில் பேரிக்காய் மாதிரி ஒரு பழம். அவளுக்குப் பின்னால் பச்சைப் பட்டுத் துணி ஒன்று மேலிருந்து தொங்குகிறது. அதன் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் ஊர் தெரிகிறது: ஒரு வண்டித்தடம், ஒரு குன்று, குன்றின் மேல் சில வீடுகள். தலையைச் சுற்றி நூல் இழை போல ஒரு பொன்வட்டம், கிட்டே போனால்தான் கண்ணுக்குத் தெரியும். என் கணவருக்கு ஓவியம் தெரியாது, துணி தெரியும். படத்தை முதலில் பார்த்ததும் அந்தப் பச்சைத் துணியில் விரலை வைத்து, "இது பெட்டியில மடிச்சு வெச்சிருந்து எடுத்த துணி, மடிப்பு இன்னும் போகல பாரு" என்றார். உண்மைதான். குறுக்கும் நெடுக்கும் மடிப்புக் கோடுகளை அந்த ஓவியர் விடாமல் வரைந்திருக்கிறார்.

சத்தி ரோட்டில் இருந்த ஒரு கடையில் சட்டம் போடக் கொடுத்தேன். கடைக்காரர் கையிலிருந்த சட்டத்துக்குப் பொருந்தவேண்டும் என்று அடிப்பக்கத்தை வெட்டிவிட்டார். ஓவியர் பெயரும் காலமும் அந்த வெட்டுத்துண்டோடு போய்விட்டன. பிறகு நூலகத்தில் ஓவிய வரலாற்றுப் புத்தகங்களைப் புரட்டி, செல்போனிலும் தேடி, வெனிஸ் பக்கத்துப் படம், பதினைந்தாம் நூற்றாண்டின் பின்பகுதி என்ற அளவுக்கு வந்து சேர்ந்தேன். இதே சுவர், இதே துணி, இதே பழம் வைத்து ஏகப்பட்ட படங்கள் வரைந்திருக்கிறார்கள். பணக்கார வீட்டுக்காரர்கள் படுக்கையறையில் மாட்டிக் கும்பிடச் சொல்லிவைத்து வாங்கியவை பல. எல்லாவற்றுக்கும் கீழே காலத்துக்கு முன்னால் 'சுமார்' என்று போட்டிருக்கிறார்கள். அந்தச் சுமார் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

எங்கள் படுக்கையறையில், அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் அது மாட்டியிருந்தது. அப்போது எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை.

அதைப் பற்றி நிறைய எழுத விருப்பமில்லை. அவினாசி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரி, அப்புறம் இன்னொன்று. காத்திருக்கும் கூடத்தின் சுவர் முழுக்க நீலக் கண் குழந்தைகளின் படங்கள். இந்த ஜில்லாவில் எந்த வீட்டிலும் அப்படி ஒரு குழந்தை பிறந்து நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் நாங்கள் எல்லோரும் அவற்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஊசி, மாத்திரை, மறுபடியும் பரிசோதனை. ஒரு ஆனி மாதத்துப் புதன்கிழமை, காரை வெளியே எடுக்கும்போது என் கணவர், "போதும்டா சாமி, உடம்பு உன்றது, நோவறதும் உனக்குத்தான" என்றார். அதோடு நிறுத்தினோம். அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மற்றவர்கள் எடுத்தார்கள். ஆனால் ரொம்ப மரியாதையாக எடுத்தார்கள்.

வெளியூர்க்காரர்கள் எங்கள் பேச்சைக் கேட்டு இனிமை, மரியாதை என்று மெச்சுவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' போடுகிறோமாம். அந்த 'ங்க'வை வைத்து ஒரு ஆளை எவ்வளவு தூரம் தள்ளி நிறுத்தலாம் என்று அவர்களுக்குத் தெரியாது. விசேஷ வீட்டில் என்னை யாரும் போகச் சொன்னதில்லை. "அம்மணி, அந்தப் பக்கம் பந்தியில ஆளில்லீங்களாட்ட இருக்குது, கொஞ்சம் பாத்துக்குங்க" என்பார்கள். மணப்பெண்ணுக்கு நலங்கு வைக்கும் நேரமாக அது இருக்கும்.

என் மாமியார் வீட்டுக்காரர்களுக்குப் பூர்வீகம் சத்தியமங்கலத்துப் பக்கம், வாய்க்கால் பாசனத் தோட்டம். கணபதியில் லேத் பட்டறை போட்டபோது இங்கே வீடு கட்டினார்கள். கீழே நாங்களும் மாமியாரும், மேலே கொழுந்தனார். பட்டறையை அவர்தான் நடத்துகிறார். அவருக்குத் தாமதமாகத்தான் கல்யாணமானது. பெண் அந்தியூர்க்காரி, சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நல்ல பெண். வந்த நாளிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். சனிக்கிழமைகளில் கீழே வந்து என் புத்தகங்களைப் புரட்டுவாள், ஒன்றும் படிக்கமாட்டாள், படங்களைப் பார்த்துவிட்டுப் போவாள்.

கல்யாணமான மறு வருஷம் தை மாதத்தில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. பங்குனியில் விஷயம் ஊருக்குச் சொல்லும் அளவுக்கு ஆனது. எங்கள் பக்கம் மாசமாக இருப்பவளின் அறையில் குழந்தைப் படம் மாட்டுவது வழக்கம். விடிந்ததும் அதில் கண் விழித்தால் பிள்ளை அதேபோல அழகாகப் பிறக்கும் என்பார்கள். கொழுந்தனார் டவுன்ஹால் கடைவீதியிலிருந்து ஒரு படம் வாங்கிவந்தார். தலையில் தொப்பி வைத்துத் தர்பூசணிக்குள் உட்கார்ந்திருக்கும் குழந்தை. மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "இதென்ன சாமி, கடைக்காரன் பழத்தோட சேத்துக் குடுத்துட்டானா?" என்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"கண்ணு, உன்ற ரூம்புல இருக்குதல்ல அந்தப் படம், அதை மேல மாட்டுலாமா? அந்தப் புள்ளைக்கு என்ன மொழுமொழுன்னு தொடைங்கற."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை ஏன் மறைக்க வேண்டும்? என்னிடம் இருந்த ஒன்று அந்தக் காரியத்துக்கு வேண்டியிருக்கிறது என்பதே போதுமாக இருந்தது. நானே கண்ணாடியைத் துடைத்து, நானே படியேறிக் கொண்டுபோய், கட்டிலுக்கு எதிரே எந்த உயரத்தில் ஆணி அடிக்கவேண்டும் என்றும் சொன்னேன். அந்தியூரிலிருந்து வந்திருந்த அவளுடைய அம்மா, இது வேதக்காரங்க சாமியாச்சே, சர்ச்சுல வெக்கற படமாச்சே என்று தயங்கினார். கொழந்தைக்கு ஏதுங்க மதம் என்று மாமியார் அடக்கிவிட்டார். அடுத்த முறை நான் மேலே போனபோது படத்துக் குழந்தையின் கன்னத்தில், கண்ணாடி மேல், பெரிதாக ஒரு மைப்பொட்டு இருந்தது. கண்பட்டுவிடக்கூடாதாம். ஐந்நூறு வருஷத்துக் குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்த முதல் ஆள் என் மாமியாராகத்தான் இருக்கவேண்டும். கொழுந்தனார் மனைவியும் நானும் கட்டிலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

ஒரு நாள் அவள் கேட்டாள்: "ஏனுங்க்கா, இந்தம்மா மட்டும் ஏன் சிரிக்கவே மாட்டேங்கறாங்க?"

ஏன் என்று நான் படித்திருந்தேன். அந்த மகன் வளர்ந்து எப்படிச் சாகப்போகிறான் என்று தாய்க்கு முன்பே தெரியும், அந்தத் துக்கம்தான் முகத்தில் இருக்கிறது, பார்த்துக் கும்பிடுபவர்களுக்கும் அது நினைவுக்கு வரவேண்டும் என்றே அப்படி வரைந்தார்கள் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. வயிற்றில் ஐந்து மாதத்தோடு இருப்பவளிடம் இதைச் சொல்ல முடியுமா?

"ராத்திரி பூரா புள்ள தூங்க விட்டிருக்காது" என்றேன்.

"அய்யோ, நம்ம கதையும் அதுதானுங்களா" என்று வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

ஆவணியில் கட்டுச்சோறு. பெண் வீட்டார் விதவிதமான சாதம் கட்டிக்கொண்டுவந்து விருந்து வைத்துப் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப்போகும் விசேஷம். இப்போதெல்லாம் அதோடு வளையல் போடுவதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நாள் பார்த்ததிலிருந்து பந்தல்காரர், சமையல்காரர், வளையல் வாங்கியது வரை எல்லாம் நான்தான் செய்தேன். எத்தனையாவது மாதம், எந்த நட்சத்திரம், முகூர்த்தம் எப்போது என்று வந்தவர்கள் எல்லோரும் என்னிடமே கேட்டார்கள். அவளை மணையில் உட்காரவைத்து, பெண்கள் வரிசையாக வளையல் போட ஆரம்பித்தபோது, என் பெரிய நாத்தனார், அதாவது என் கணவரின் அக்கா, என் தோளில் கைவைத்தார். சத்தியமங்கலத்திலிருந்து முதல் நாளே வந்து, வேலை எல்லாவற்றிலும் கூட இருந்தவர்.

"அம்மணி, எல வந்துதான்னு கொஞ்சம் பாத்துட்டு வாங்க. உங்களாட்டப் பாக்கறதுக்கு யாரு இருக்கறாங்க?"

இலை விடியும்போதே வந்துவிட்டது. அவருக்கும் தெரியும். நான் சமையல் கொட்டகைக்குப் போய் இலைக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். என் படம் மேலே அவளுடைய அறையில் இருக்கலாம், அவள் தினமும் விடிந்ததும் அதைப் பார்க்கலாம். நான் அவள் கையில் ஒரு கண்ணாடி வளையலைப் போடக்கூடாது. உள்ளே சிரிப்பும் பாட்டும் கேட்டன. சமையல்காரர், "போயி வளையல் போட்டுட்டு வாங்க, எலையை நான் பாத்துக்கறேன்" என்றார், ஒன்றும் தெரியாமல்.

புரட்டாசியில் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் குடும்பத்து நிறம், எங்கள் குடும்பத்து மூக்கு. "இத்தன மாசம் அந்தப் படத்தைப் பாத்ததுக்கு இவ்வளவுதானா" என்று மாமியார் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அந்தியூருக்கு நான் இரண்டு முறை பார்க்கப் போனேன். இரண்டு முறையும் குழந்தை மடிமடியாக மாறி என் பக்கத்தில் வரும்போது அதற்குத் தூக்கம் வந்துவிட்டது. "தூங்கிட்டாளாட்ட இருக்குதுங்க, அப்பறம் எடுத்துக்குங்க" என்று தொட்டிலில் போட்டார்கள்.

மாசியில் குழந்தை கணபதிக்கு வந்தது. சித்திரையில் அவளுக்குப் பிரசவ விடுப்பு முடிந்தது. மாமியாருக்கு முட்டிவலி, தரையில் உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும். அவளுடைய அம்மாவுக்கு அந்தியூரில் மாடு கன்று, வயசான மாமனார். யார் பார்ப்பது என்று இரண்டு நாள் பேசினார்கள். பேசி முடித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் வந்து, "அண்ணி, உங்களை விட்டா யாருங்க?" என்றார்.

அந்தச் சித்திரையிலிருந்து ஆடி வரை எப்படி இருந்தது என்று எழுதத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன். இப்போது எழுத வரவில்லை. குழந்தை முதலில் உட்கார்ந்தது, முதலில் தவழ்ந்தது, முதல் பல், எல்லாவற்றுக்கும் கிழமை எனக்குத் தெரியும். காலையில் அவளுடைய அம்மா வண்டியை எடுக்கும்போது என் இடுப்புக்கு மாறுவாள். வண்டி திரும்பும் சத்தம் கேட்கும்வரை என் இடுப்பில்தான். நான் உலகத்தில் வேறு எதையும் விசாரிக்கவில்லை. அந்த மாதங்களில் இதழுக்கு ஒரு வரி எழுதவில்லை.

குழந்தை தூங்கும்போது மட்டும் கொஞ்சம் படிப்பேன். அப்படிப் படித்ததில் ஒன்று. அந்தக் காலத்து இத்தாலி ஓவியக்கூடங்களில் தாயாக வரைவதற்குப் பல சமயம் வேலை பழகும் பையன்களையே உட்காரவைத்து முதல் கோடு போட்டார்களாம். வேறு பெண் உட்கார்ந்தாலும் அவள் அந்தக் குழந்தையின் தாயாக இருக்கவேண்டிய அவசியமில்லை. குழந்தையை எங்கிருந்தாவது கொண்டுவந்து பார்த்து வரைவார்கள். நான் மேலே போய்ப் படத்தை மறுபடியும் பார்த்தேன். அவளுடைய கையைப் பார்த்தேன். குழந்தையின் முதுகுக்குப் பின்னால் விரல்களை விரித்து வைத்திருக்கிறாள். அணைத்துப் பிடிக்கவில்லை. விழுந்துவிடாமல் ஒரு காவல், அவ்வளவுதான். கேட்டால் உடனே கொடுத்துவிடவேண்டியவளின் கை அது. உலகமெல்லாம் தாய்மைக்கு அடையாளமாகக் கும்பிடுகிற படத்தில், அடுத்தவர் பிள்ளையைக் கொஞ்ச நேரத்துக்கு வாங்கி வைத்திருக்கும் ஒருத்தி இருந்திருக்கலாம் என்று நினைத்தபோது, எனக்கு அவளைப் பல வருஷமாகத் தெரியும்போலத் தோன்றியது.

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் தூறலுமாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமை, குழந்தைக்குக் காலையிலிருந்து காய்ச்சல். மருந்து கொடுத்திருந்தோம். மத்தியானம் என் மடியில் இருக்கும்போதே கண் மேலே சொருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. நான் அப்படி ஒன்றை அதுவரை பார்த்ததில்லை. ஒருக்களித்துப் படுக்கவைக்கவேண்டும் என்று எங்கோ படித்தது மட்டும் நினைவு வந்தது. மாமியார் கத்தினார். பட்டறையிலிருந்து கொழுந்தனார் ஓடிவந்து, பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் இழுப்பு நின்று குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இந்த வயதில் திடீரென்று காய்ச்சல் ஏறினால் சில பிள்ளைகளுக்கு இப்படி வரும், மூளைக்கு ஒன்றும் ஆகாது, வளர வளரப் போய்விடும். மடியில் வைத்திருந்தவர் ஒருக்களித்துப் படுக்கவைத்தது சரி என்றும் சொன்னார். அதை அங்கிருந்தவர்களில் என்னைத் தவிர யாரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

குழந்தை வீட்டுக்கு வந்த மறுநாள் பெரிய நாத்தனார் பார்க்க வந்தார். விபூதி பூசி, உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டு, காபி குடித்து முடித்து, கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"உங்க மேல ஒரு தப்புமில்லீங் அம்மணி. தங்கமானவிங்க நீங்க. ஆனா அந்தப் படத்தை நீங்க எத்தன வருசம் ஏங்கி ஏங்கிப் பாத்திருப்பீங்க? பாத்ததெல்லாம் அதுல எறங்கித்தான இருக்கும்? அதைக் கொண்டுபோயிப் புள்ளைக்கு எதுக்கால மாட்டி வெச்சுப்போட்டோம்."

நான் எப்போதும் செய்வதைச் செய்தேன். கணக்குச் சொன்னேன். படம் மேலே போனது போன வருஷம் பங்குனியில். புரட்டாசியில் பிரசவம், ஒரு சிக்கலும் இல்லை. மாசியில் குழந்தை இந்த வீட்டுக்கு வந்தது. ஆடி வரை ஒரு தும்மல்கூட இல்லை. படத்தால் என்றால் இத்தனை நாள் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டேன்.

"கண்ணேறு என்னுங்க, உங்களாட்டத் தேதி பாத்துட்டா வரும்?" என்றார் நாத்தனார். கூடத்தில் சிரித்தார்கள். கொழுந்தனாரும் சிரித்தார். தேதிக்கு என்னை விட்டால் ஆளில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

அன்றிலிருந்து குழந்தை கீழே வரவில்லை. கொழுந்தனார் மனைவி விடுப்பு எடுத்திருக்கிறாள் என்றார்கள். ஒரு வாரம் கழித்து மாமியார் சமையலறைக்கு வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கண்ணு, நாங்க படத்தை எடுத்து வீசுனா உன்ற மனசு நோகும். நீயே கொண்டுபோயி கோயில் மரத்தடியில வெச்சுட்டு வந்துரு. உன்ற கையால வெச்சுட்டீன்னா பேச்சு அத்தோட முடிஞ்சுது. புள்ளயும் கீழ வந்துருவா."

கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. வீட்டில் சண்டை இல்லாமல் முடிக்க அவருக்குத் தெரிந்த வழி அது. ஆனால் கேட்டது என்ன என்று எனக்குப் புரிந்தது. நான் கொண்டுபோய் வைத்தால், ஆமாம், என் கண் அதில் இருக்கிறது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். வைக்காவிட்டால் குழந்தை இல்லை.

சாயங்காலம் கொழுந்தனார் மனைவி தனியாக வந்தாள். "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லீங்க்கா. ஆனா..." என்றாள். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன வரும் என்று நான் கேட்கவில்லை. என் மடியில்தான் அவளுடைய குழந்தைக்கு அப்படி ஆனது. படித்தவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் அந்த 'ஆனா'தான். என் கணவர், ஒரு காலண்டர் தாளுக்கு இவ்வளவா, வேண்டுமானால் நான் கொண்டுபோய் வைத்துவிடுகிறேன் என்றார். அவர் வைத்தால் கணக்கில் வராது என்று அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் தெரு முனையில் ஒரு பிள்ளையார் கோயில், பக்கத்தில் அரசமரம். வீட்டில் கண்ணாடி உடைந்த சாமிப் படங்கள், பூச்சி அரித்தவை, வீடு மாறும்போது வேண்டாமென்று ஆனவை எல்லாவற்றையும் அதன் அடியில் வைத்துவிட்டுப் போவார்கள். சாமிப் படத்தைக் குப்பையில் போடக்கூடாதல்லவா. ஆவணி முதல் செவ்வாய்க்கிழமை காலையில் படத்தை ஒரு பழைய துண்டில் சுற்றிக்கொண்டு போனேன். முகம் வெளுத்த முருகன், ஒரு பக்கம் கரையான் தின்ற லட்சுமி, யாரோ ஒரு வீட்டுத் தாத்தாவின் மாலை போட்ட போட்டோ. அவற்றுக்கு நடுவே சாய்த்து வைத்தேன். பூக்கட்டுகிற அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, கண்ணாடிகூட ஒடையலியே. நல்லாத்தான இருக்குது?"

"ஊடு மாத்தறோமுங்க" என்றேன்.

"எந்தப் பக்கம் போறீங்க?"

துண்டை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது தாயின் நெற்றியில் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். அடுத்த வாரம் மாநகராட்சி லாரி வந்து மரத்தடியைச் சுத்தம் செய்துவிட்டது.

மாமியார் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை குழந்தை கீழே வந்தாள். என் இடுப்புக்கு மாறி, இத்தனை நாள் பார்க்காததற்குக் கோபமாக என் மூக்கைப் பிடித்து இழுத்தாள். படத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். புரட்டாசியில் முதல் பிறந்தநாள் வந்தது. எந்தக் கடையில் கேக் என்று என்னிடம் கேட்டார்கள்.

மார்கழியில் அவளுக்குச் சளி பிடித்தது. மார்கழியில் கோயம்புத்தூரில் சளி பிடிக்காத குழந்தை கிடையாது. அன்று நான் அவளுக்கு மார்பில் தைலம் தடவிக்கொண்டிருந்தேன். மாமியார் வந்து நின்று பார்த்தார். பிறகு, "நீ போயி காப்பி வெய்யி கண்ணு, புள்ளயக் குடு" என்றார். காபி குடிக்கும் நேரம் இல்லை அது. தை பிறந்ததும் வயிற்றுப்போக்கு. அப்போது கொழுந்தனார் சொன்னார்: "உங்களுக்கு எதுக்குங்க அண்ணி வீண் சிரமம்?" மாசியில் கொழுந்தனார் மனைவியின் அம்மா அந்தியூரில் மாட்டை விற்றுவிட்டு மேலே வந்து தங்கிவிட்டார்.

யோசித்துப் பார்த்தபோது கணக்குத் தெளிவாக இருந்தது. படம் இருந்தவரை குழந்தைக்கு ஏதாவது ஆனால் கை நீட்டுவதற்குச் சுவரில் ஒரு பொருள் இருந்தது. தாளும் கண்ணாடியும், என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டிருக்கும். அதை என் கையாலேயே எடுத்துக்கொண்டுபோய் வைத்தேன். அப்படிச் செய்ததால் நாத்தனார் சொன்னது உண்மையாகவும் ஆனது. படம் போய்விட்டது, பார்த்த கண் வீட்டில்தான் இருக்கிறது. இப்போது காய்ச்சல் வந்தாலும் சளி வந்தாலும் வேறு யாரைச் சொல்லுவார்கள்? சொல்லவும் இல்லை. மரியாதை தெரிந்தவர்கள்.

அவளுக்கு இப்போது நடை வந்துவிட்டது. பேச்சும் வருகிறது, பெரியம்மா என்பது 'பெய்ம்மா' என்று வருகிறது. சனிக்கிழமைக் காலையில் நான் வாசலில் துணி உலர்த்தும்போது மாடிப்படிக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கூப்பிடுவாள். விடமாட்டாள், பதில் வரும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். நான் சேலையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "என்னுங் கண்ணு" என்கிறேன். நிமிர்ந்தால், எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று கவனிக்க அவளுக்குப் பின்னால் ஆள் நிற்கிறது.